ஏறுற பக்கத்து ஐந்து கடை

நிதானத்துக்கு ஆதரவாகச் சண்டை போடுவதில் ஜாபர் அலியை மிஞ்ச பெருமாள்மலையில் ஆள் கிடையாது. ஆரோக்கியதாஸைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டால் போதும், மனிதருக்கு எங்கிருந்துதான் வருமோ, கழுத்து மப்ளரை உருவிக் கடை மேஜையில் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். "தலைவரு எவ்வளவு பொறுமையான மனுசன்னு தெரியுமாலே உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே எதிரே நிற்பவனின் சட்டையைப் பிடிப்பார். அந்தப் பொறுமையில் ஒரு துளிகூட உங்களுக்கு ஒட்டவில்லையே என்று அவர் மனைவி ஆசியா இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆரோக்கியதாஸ் கட்சியில் கிளைச் செயலாளர், சாலையோரக் கடைக்காரர் சங்கத்தில் தலைவர். பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர்டாகி, சர்ச்சுக்குப் போகிற சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தவர் கிடையாது. போராட்டம் என்றால் முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போய் அனுமதி வாங்குவார். அன்றைக்குக் காலையில் முதல் டீ காவலுக்கு வந்த போலீஸ்காரர்களுக்குத்தான். மற்ற ஊர்களில் ‘வாபஸ் வாங்கு, வாபஸ் வாங்கு’ என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் எழுதிக் கொடுத்த கோஷம், ‘நிர்வாகமே, நிர்வாகமே, கொஞ்சம் பரிசீலனை செய்!’ போன வருஷம் ஒரு சாலை மறியல் நடத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஸ்கூல் வேன், பால் வண்டி, புதுசாகக் கல்யாணமாகி ஊர் பார்க்க வந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்காக வழிவிட்டு, கடைசியில் அந்த மறியலில் நின்றது ஒரே ஒரு காட்டெருமை. அதுவும் தானாக நின்றது.

இளவட்டங்கள் சிரித்தார்கள். ‘வழவழா கொழகொழா’ என்று பெயர் வைத்தார்கள். சிரித்தவர்கள் கடையில் எரிகிற பல்பு யார் வாங்கிக் கொடுத்த கரண்டில் எரிகிறது? பெண்கள் ஒதுங்க ஒரு இடமில்லாமல் கிடந்த ஜங்ஷனில் கக்கூஸ் யாரால் வந்தது? இத்தனை வருஷத்தில் ஒரு கடையாவது போயிருக்கிறதா? இதையெல்லாம் ஜாபர் அலி கேட்பார். சரியான கேள்விகள்தான். கேட்கிற விதத்தில்தான் கோளாறு. அழகுமலையின் டீக்கடையில் இதைக் கேட்டபோது இரண்டு கிளாஸ் உடைந்தது.

இந்த வருஷம் வந்ததுதான் பெரிய சோதனை. ஜங்ஷன் வளைவில் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், நாற்பத்தொரு கடையும் எடுக்க வேண்டும் என்று தாக்கீது வந்தது. ஆரோக்கியதாஸ் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அதிகாரியிடம் பேசினார், அதிகாரிக்கு மேலே இருக்கிறவரிடம் பேசினார், அவர் டிரைவரிடமும் பேசினார். பதினோரு தடவை போய்வந்து, கடைசியில் நாற்பத்தொன்றை ஐந்தாக்கிவிட்டார். வளைவில் ஒரு பக்கத்து ஐந்து கடை மட்டும் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் போக வேண்டும். மற்ற முப்பத்தாறும் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம்.

எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, ரோட்டுக்கு இரண்டு பக்கம், அவ்வளவுதானே என்பார்கள். பெருமாள்மலையில் அப்படி இல்லை. ஒன்று ஏறுகிற பக்கம், இன்னொன்று இறங்குகிற பக்கம். மேலே கொடைக்கானலுக்குப் போகிற வண்டி அதன் இடது பக்கம்தான் நிற்கும். வத்தலக்குண்டு வெயிலிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்தவர்கள் இங்கேதான் முதல் குளிரில் நடுங்குவார்கள். அதனால் அந்தப் பக்கம் குல்லா, மப்ளர், ஸ்வெட்டர், வாந்திக்கு எலுமிச்சம்பழம், இஞ்சி மொரப்பா. ஊர் பார்த்துவிட்டுத் திரும்புகிற வண்டி எதிர்ப்பக்கம் நிற்கும். அங்கே சாக்லேட், தைலம், பிளம்ஸ், பேரிக்காய். ஜாபர் அலியின் குல்லாக் கடை இருபத்திரண்டு வருஷமாக ஏறுகிற பக்கம். நேர் எதிரே, இறங்குகிற பக்கம், பழனிக்குமாரின் சாக்லேட் கடை.

அளக்க வந்தவர்கள் இறங்குகிற பக்கத்துச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் என்ன, ஊர் முடிவு கட்டிவிட்டது. போகிறது இறங்குகிற பக்கத்து ஐந்து கடைதான் என்று. ஏறுகிற பக்கத்துச் சுவர் பாசி பிடித்துச் சொதசொதவென்று கிடந்ததால் பெயிண்ட் ஒட்டவில்லை, அதனால்தான் அளவுக் கோட்டை எதிர்ச் சுவரில் போட்டார்கள் என்பதை யாரும் யோசிக்கவே இல்லை.

பழனிக்குமார் குதித்தான். குதிக்காமல் என்ன செய்வான், கோடு அவன் தலைக்கு மேலே இருக்கிறது. "அஞ்சு பேரைக் காவு குடுத்துட்டு வந்திருக்காரு! இவரு நமக்குத் தலைவரா, ஆபீசருக்குத் தலைவரா?" என்று கையெழுத்து வாங்கினான். நம்பிக்கையில்லாத் தீர்மானம், புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி. பெருமாள்மலையில் கூட்டம் என்றால் எப்போதும் இரண்டு மணிதான். ஏறுகிற வண்டியெல்லாம் ஏறி முடித்திருக்கும், இறங்குகிற வண்டி கிளம்பியிருக்காது.

ஜாபர் அலி பெருந்தன்மையின் உச்சிக்கே போய்விட்டார். "அஞ்சு கடைதானலே? அதுக்குப் போயி குடியா முழுகிருச்சு? முப்பத்தாறு குடும்பம் பொழைக்கிறதுக்கு அஞ்சு பேரு விட்டுக் குடுத்தா தேஞ்சா போயிருவீங்க? தியாகம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கடை கடையாகப் போய்க் கேட்டார். அடுத்தவன் கடையைத் தியாகம் செய்யும்போது தொண்டை நன்றாகத் திறந்துகொள்கிறது. முதல் நாள் கணக்குப்படி நாற்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் தலைவர் பக்கம் இருந்தார்கள். ஜாபர் அலி ஆதரவு திரட்டக் கிளம்பிய மூன்றாம் நாள் அது பதினேழாகிவிட்டது.

"பாய், சங்கடப்படாதீங்க," என்றார் அழகுமலை. அவர்தான் சங்கத்தின் துணைத் தலைவர். "நேத்து வரைக்கும் நான் தலைவர் பக்கந்தான் இருந்தேன். நீங்க வந்து எனக்கு வெளக்குனதுக்கு அப்புறந்தான் மனசு மாறிருச்சு."

ஆசியா சோறு வைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, இன்னும் ஒரு நாலு பேருகிட்ட நீங்க ஆதரவு கேட்டீங்கன்னு வைங்க, தலைவருக்கு அவரு ஓட்டே கெடைக்காது."

"உனக்கு அரசியல் தெரியாது."

"எனக்கு உங்களைத் தெரியும்ல."

செவ்வாய்க்கிழமை வெள்ளனே ஆரோக்கியதாஸ் கடைக்கு வந்தார். ஜாபர் அலிக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் பாவம் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டார். தலைவர் உட்கார்ந்தார். மேகம் இந்த வருஷம் சீக்கிரமே இறங்கிவிட்டது என்றார். ஆசியாவின் முழங்கால் வலியை விசாரித்தார். மேல்மலையில் போளூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு எப்படி என்று கேட்டார். ஜாபர் அலி குல்லா விற்கிறவர், அவருக்கு உருளைக்கிழங்கு பற்றி என்ன தெரியும்? இருந்தாலும் நல்லா இருக்காம் என்று சொல்லி வைத்தார். டீ வந்து, ஆறி, ஆடை கட்டியது. தலைவர் கிளாஸைத் தொடவில்லை.

"பாய்," என்றார் கடைசியில், "அந்த அஞ்சு கடை, எறங்குற பக்கம் இல்ல."

ஜாபர் அலிக்கு உடனே உறைக்கவில்லை. "அப்ப நல்லதாப் போச்சு. பழனிப் பய வாய அடைச்சிரலாம்," என்றார். சொன்ன பிறகுதான் மண்டைக்குள் வண்டி திரும்பியது. இறங்குகிற பக்கம் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பக்கம்தான். அவர் தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். ஆணியில் தொங்குகிற குல்லாக்கள், கயிற்றில் ஆடுகிற மப்ளர்கள், எல்லாம் அப்படியேதான் இருந்தன.

"எந்தப் பக்கம்னு அதிகாரி என்கிட்டயே கேட்டாரு பாய். அந்தப் பக்கம்னு சொல்லியிருந்தா பழனிக்குமாரு ரோட்டுல படுப்பான், கேசு போடுவான், அவங்க மறுபடி நாப்பத்தொண்ணையும் எடுக்கணும்னு நிப்பாங்க. உங்க பக்கம்னா..." தலைவர் ஃபைலின் நாடாவை அவிழ்த்துக் கட்டினார். "உங்க பக்கம்னா நீங்க இருக்கீங்கன்னு நெனச்சேன்."

ஜாபர் அலி ஆணியில் கோணலாகத் தொங்கிய ஒரு குல்லாவை நேராக்கினார். தலைவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது, ஜாபர் அலி பேசாமல் சாப்பிட்டார். ஆசியாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "யா அல்லா, ஏதாவது திட்டுங்களேன்," என்றாள். "என்னையவாவது திட்டுங்க." அவர் திட்டவில்லை. மார்க்கெட் பின்பக்கம் எந்த வண்டி வந்து நிற்கும், அங்கே யாருக்குக் குளிரும் என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

சாயங்காலம் பழனிக்குமார் வந்தான், கையில் ஒரு கிலோ சாக்லேட்டோடு. சேதி அதற்குள் ஜங்ஷன் முழுக்கப் பரவியிருந்தது. அவன் கடை தப்பித்துவிட்டது. ஆனாலும் தீர்மானத்தை அவன் கைவிடவில்லை, தலைவர் நாற்காலி அதற்குள் அவன் மனசில் வந்து உட்கார்ந்துவிட்டது. "பாய், நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு இப்பிடி ஒரு துரோகமா? நம்பி நின்ன மனுசனுக்கா? எனக்குச் சோறு எறங்கலை பாய். நாளைக்கு நீங்கதான் மொத ஆளா பேசணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆளு காலி." ஜாபர் அலி சாக்லேட்டை வாங்கி வைத்துக்கொண்டார். சரி என்றுதான் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அந்த மனிதரைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் அவருக்கு இருந்தது.

புதன்கிழமை இரண்டு மணிக்குப் பஸ் ஸ்டாப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் கூட்டம் கூடியது. வெளியே மேகம் அப்பிக் கிடந்தது. மேடை என்று போட்டிருந்த நாலு பலகையில் ஆரோக்கியதாஸ் ஒரு ஓரமாக, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் அழகுமலை, கூட்டத்தை நடத்துகிறவர். ஏறுகிற பக்கத்து ஐந்து பேரையும் முன் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், பரிதாபம் நன்றாகத் தெரியட்டும் என்று. ஜாபர் அலிக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கிற கித்தேரியம்மாள், பழப் பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தது.

பழனிக்குமார் மைக்கைப் பிடித்தான். அவனுக்குப் பேச்சு வரும், பொய் சொல்லக் கூடாது. முன் பெஞ்சைக் காட்டிக் காட்டிப் பேசினான். "இந்த அஞ்சு முகத்தைப் பாருங்க! இவங்க என்ன பாவம் பண்ணாங்க? கித்தேரியம்மா என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான். கித்தேரியம்மாளுக்குத் தன்மேலேயே இரக்கம் வந்து முந்தானையால் மூக்கைச் சிந்தியது. "சமரசம்னாலே சரணாகதிதான்! ஒரு கடையக்கூட விட்டுக் குடுக்கக் கூடாது! இந்த அஞ்சு கடைக்காக நாங்க முப்பத்தாறு பேரும் உயிரையும் குடுப்போம்!" கொட்டகை அதிர்ந்தது. தகரத்தில் தட்டினார்கள். பழனிக்குமார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கை ஜாபர் அலியிடம் நீட்டினான்.

ஜாபர் அலி எழுந்தார். மப்ளரை உருவினார். திட்டுவதற்கு ராத்திரி முழுக்க அடுக்கி வைத்தது அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஆனால் காதில் கடைசியாக விழுந்த சொல் உறுத்திக்கொண்டே இருந்தது.

"உயிரக் குடுக்கிறேன்னா சொன்ன?" என்றார் பழனிக்குமாரைப் பார்த்து.

"ஆமா பாய்! சத்தியமா!"

"உயிரு வேணாம்லே. கடையக் குடு."

"என்ன பாய்?"

"உன் கடைய நான் எடுத்துக்கிறேன். மார்க்கெட்டு பின்னாடி எனக்கு ஒதுக்குன எடத்த நீ எடுத்துக்க. எடம் மாத்திக்கிருவோம். சோலி முடிஞ்சது. நீ உயிரோட நல்லா இருக்கலாம்."

பழனிக்குமார் சிரித்துப் பார்த்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. "அது... கொள்கைப் பிரச்சினை பாய் இது. தனிப்பட்ட முறையில பாக்கக் கூடாது," என்றான்.

"சரி, நீ கொள்கைய வச்சுக்க." ஜாபர் அலி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இங்க முப்பத்தாறு கடைக்காரங்க இருக்கீங்க. எல்லாரும் தகரத்துல தட்டுனீங்க, நான் பாத்தேன். அஞ்சு பேரு போதும் எனக்கு. எங்க அஞ்சு பேரோட எடம் மாத்திக்கிற அஞ்சு பேரு கையத் தூக்குங்க."

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவருக்குத் திடீரென்று போன் வந்தது, மணி அடிக்காமலே. பின் வரிசையில் ஒரு கை எழும்பியது. பார்த்தால் அது கொசு அடிக்க எழும்பிய கை, பெருமாள்மலைக் குளிரில் என்ன கொசுவோ, சட்டென்று இறங்கிவிட்டது.

"கையெல்லாம் ஸ்வெட்டருக்குள்ள மாட்டிக்கிச்சு போல பாய்," என்றது கித்தேரியம்மாள். இப்போது அதற்கு அழுகை நின்றிருந்தது.

"அப்ப எதுக்குடா தட்டுனீங்க?" ஜாபர் அலியின் குரல் ஏறியது. "நாப்பத்தொண்ணும் போகணும்னு வந்தப்ப அந்த மனுசன் பதினோரு தடவ போயி நின்னாரு. நம்மள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், கூடப் போனமா? நான் போனேனா? நானும் போகல. இங்கயே நின்னு சட்டையப் பிடிச்சிட்டிருந்தேன். முப்பத்தாறு கடைய அவருகிட்ட வாங்கி வச்சுக்கிட்டு, அஞ்சு கடைக்காக அவரைத் திட்டுறீங்களே, வெக்கமா இல்ல? திட்டணும்னா நாங்க அஞ்சு பேரு திட்டணும். உங்களுக்கு என்ன சோலி?"

அழகுமலை தொண்டையைக் கனைத்தார். விதி என்று ஒன்று இருக்கிறதே. "தலைவர் வேணாம்ங்கிறவங்க கையத் தூக்கலாம்," என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தூக்காத கையை இப்போது எப்படித் தூக்குவது? பழனிக்குமாரின் கை பாதி வரைக்கும் போய், காதைச் சொறிந்துவிட்டு வந்தது. தீர்மானம் தோற்றது. யாரோ பழக்கதோஷத்தில் "தலைவர் வாழ்க!" என்று ஒரு குரல் கொடுத்தார்கள். பதிலுக்கு நாலைந்து பேர் வாழ்க என்றார்கள். ஆரோக்கியதாஸ் ஃபைலைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார். "அன்பார்ந்த ஜாபர் பாய் அவர்களுக்கு, சங்கத்தின் சார்பாக என்னுடைய மனமார்ந்த..."

"உக்காருங்க தலைவரே," என்றார் ஜாபர் அலி. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "அவனுக சோலி முடிஞ்சது. நான் இன்னும் ஆரம்பிக்கல."

ஆரோக்கியதாஸ் உட்கார்ந்தார்.

"அதானே! விடாதீங்க பாய்!" என்று துள்ளினான் பழனிக்குமார்.

"ஏலே, நீ பொத்துறியா? கை தூக்காத பய நீ." அவன் பொத்திக்கொண்டான். ஜாபர் அலி மேடைக்கு நேராகப் போய் நின்றார். இவ்வளவு நாள் அந்த மனிதருக்காக ஊரோடு சண்டை போட்டவருக்கு, அவரோடு சண்டை போடுவது எப்படி என்று தெரியவில்லை.

"நீங்க அதிகாரிகிட்டப் பேசுனீங்க. அவருக்கு மேல இருக்கிறவருகிட்டப் பேசுனீங்க. அவரு டிரைவரோட மகளுக்கு எந்தக் காலேஜு நல்லதுங்கிறது வரைக்கும் பேசுனீங்கன்னு கேள்விப்பட்டேன். பழனிப் பய என்ன செய்வான், எங்க படுப்பான்னு உக்காந்து யோசிச்சீங்க. என்னையப் பத்தி மட்டும் யோசிக்கல. பாய்தானே, அவன் எங்க போயிரப் போறான்னு விட்டுட்டீங்க. கத்துறவன் கடை நிக்குது, உங்க கூட நின்னவன் கடை போகுது. இது எந்த ஊரு நிதானம்?"

அடிக்க ஓங்கிய மப்ளரை ஜாபர் அலி தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே தலைவரே. கடையச் சாத்திச் சாவிய உங்க கையில குடுத்திருப்பேன். ஏன் கேக்கல? ஊருல எல்லாருகிட்டயும் பேசுன மனுசன், என்கிட்ட ஏன் பேசல?"

மைக்கைக் கித்தேரியம்மாளின் மடியில் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசு மனிதர், மப்ளரை முகத்தில் அழுத்திக்கொண்டு அத்தனை பேர் முன்னால் அழுதார்.

ஆரோக்கியதாஸ் எழுந்தார். அவர் எதைச் சொன்னாலும் பின்னாலேயே ஒரு ‘ஆனா’ வரும், இது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்க கோரிக்கை நியாயம்தான், ஆனா. நிர்வாகம் செஞ்சது தப்புதான், ஆனா. அந்த ‘ஆனா’வை வைத்துத்தான் அவர் முப்பத்தாறு கடையையும் மீட்டுக்கொண்டு வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் பாய்," என்றார்.

கொட்டகையே காத்திருந்தது. ‘ஆனா’ வரவில்லை. ஃபைலை மேடையிலேயே விட்டுவிட்டுப் பலகையிலிருந்து இறங்கினார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், முழங்காலில் கைவைத்து மெதுவாக இறங்கினார். முன் பெஞ்சில் ஐந்து பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜாபர் அலியின் முன்னால் வந்து நின்றார்.

"பாய், நானும் இங்க உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

ஜாபர் அலி முகத்திலிருந்து மப்ளரை எடுக்கவில்லை. அப்புறம் கித்தேரியம்மாளை இடித்துக்கொண்டு நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.